பெயர் சொல்லாத ஒரு ரேடியோ ரிப்பேர் கடையும் அப்பாயி வைத்த பொட்டும்

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். எழுதக் கூடாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். "ஏற்கெனவே நாப்பது செட்டு கெடக்கும்மா. நீங்க பேரை எழுதி, அவனவன் பரண்ல கெடக்கறதை எல்லாம் எறக்கிக்கிட்டு வந்துட்டான்னா நான் எங்க உக்கார்றது?" என்றார். அதனால் திருச்சி, மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒன்று, மாடி, செங்குத்தான படி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரில்லாத கடைக்கு எதற்கு விமர்சனம் என்றால், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வு வைத்த பழைய ரேடியோவை வீட்டில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதற்குத் தலையாட்டக் கூடாது என்பதாவது தெரியட்டும்.

ரேடியோ எங்கள் அப்பாயியுடையது, அதாவது அப்பாவின் அம்மாவுடையது. மர்ஃபி. 1964-இல் நெல் விற்ற காசில் தாத்தா கும்பகோணத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது. முத்திரை குத்திய அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் தாத்தா பெயர். ஆனால் ஸ்டேஷன் திருப்பும் குமிழை அப்பாயியைத் தவிர யாரும் தொட முடியாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அப்பாயி 'வந்துச்சு', 'சொல்லுச்சு' தான். 'வந்தார்' என்று எழுதினால் யாரோ பக்கத்து வீட்டு டீச்சரைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கிறது. எனவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அப்பாயி படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும். ரேடியோ டயலில் இருப்பதெல்லாம் இங்கிலீஷும் நம்பரும். வாங்கி வந்த அன்றே தாத்தா திருச்சி ஸ்டேஷனைப் பிடித்துக் கொடுத்ததும், முள் நின்ற இடத்துக்கு நேரே கண்ணாடியின் மேல் சாந்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டது. அடுத்த வாரம் ஷார்ட் வேவில் கொழும்புக்கு இன்னொன்று. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ரேடியோவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது இந்தப் பொட்டுகளுக்கும் மேல்பூச்சு நடக்கும். 1978-இல் தாத்தா இறந்துபோனார். அந்த வருஷம் ஆயுத பூஜையில் அப்பாயி சாந்துக் குப்பியோடு ரேடியோ முன்னால் போய் நின்றபோது பெரிய அத்தை தடுத்திருக்கிறார். "எனக்குத்தானேடி வேணாம்னாங்க, ரேடியோவுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு வைத்ததாம்.

ரேடியோவை அப்பாயி வெறும் பாட்டுப் பெட்டியாக நினைக்கவில்லை. ஊர் ஆடுதுறைக்குப் பக்கம். 1966 வாக்கில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றித் தினம் தினம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் ஜப்பான் ரகத்தோடு சேர்த்து உண்டாக்கியது, 105 நாளில் அறுப்பு, குறுவைக்கு ஏற்றது, உரம் போட்டால் போட்டதற்குப் பலன். தஞ்சாவூர் ஜில்லாவில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. தாத்தா நம்பவில்லை. அப்பாயி விடவில்லை. கடைசியில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், 'உன் பங்குன்னு வச்சுக்க, வெளஞ்சா பாப்போம்' என்று ஒதுக்கிக் கொடுத்தார். உரம் எப்போது, எவ்வளவு என்று ரேடியோ சொன்னதை அப்பாவை விட்டுப் பழைய நோட்டில் எழுத வைத்ததாம். விளைந்தது. மறு வருஷம் எல்லா வயலிலும் அதுதான். "ஆராய்ச்சிப் பண்ணை நமக்கு நாலு மைலு. நெல்லு மட்டும் திருச்சி வழியா வந்துச்சு பாரு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது.

காலையில் கொழும்பு. 'பொங்கும் பூம்புனல்' ஆரம்பிக்கும்போதுதான் எங்கள் வீட்டில் இட்லிக் கொப்பரை இறங்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களை எல்லாம் ஒன்றுவிட்ட மருமகப்பிள்ளைகள் மாதிரி பேசும். 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்ற சொல்மேல் அதற்குத் தனி மயக்கம். படித்துறையில் நாலு பொம்பளைகள் நின்று பேசிக்கொண்டிருந்தால் "என்னடி, கூட்டுத்தாபனம் கூடிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கும்.

கிரிக்கெட்டையும் விட்டுவைக்கவில்லை. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் தமிழ் வர்ணனை. மட்டை எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை, அப்துல் ஜப்பார் சொல்கிற தமிழுக்காகக் கேட்கும். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு நடந்த அந்த 'டை' மேட்சை ஐந்து நாளும் குறுவை அறுப்புக்கு நடுவே கேட்டது. கடைசி ஓவரில் மணீந்தர் சிங் அவுட். "யாரு ஜெயிச்சா?" என்று என்னைக் கேட்டது. யாரும் இல்லை, சரிக்குச் சரி என்றேன். "அஞ்சு நாளா கேட்டதுக்கு இதானா?" என்று சொல்லி ரேடியோவைப் பட்டென்று அணைத்துவிட்டுக் களத்துக்குப் போனது.

1992-இல் ரேடியோ வாயை மூடிக்கொண்டது. வால்வு செட் பார்க்க ஆள் இல்லை என்று விட்டுவிட்டோம். அப்பாயி 2004-இல் இறந்தது. அதன்பிறகு ரேடியோ பரணுக்குப் போனது. போன வருஷம் ஊர் வீட்டு ஓட்டைப் பிரித்துப் போடும்போது இறக்கினோம்.

முதலில் நான் போனது வேறொரு கடை. கண்ணாடிக் கதவு, ஏ.சி., வாசலில் பழைய கிராமபோன் புனல். அங்கிருந்த தம்பி செட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கற சரக்கை எல்லாம் எடுத்துட்டு, புளூடூத் போர்டு போட்டுத் தர்றேன் மேடம், அலெக்சாகூடப் பேசும்" என்றார். பாலிஷும் சேர்த்து ஒரே நாளில் முடியுமாம். தப்பான ஆள் இல்லை, அவருக்கு வருகிற வாடிக்கையாளர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு, உள்ளே ஆள் இல்லாமல் புடவையை மட்டும் உட்கார வைக்கலாம் என்று சொன்னதுபோல இருந்தது. செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் திருச்சியில் ஒரு எலெக்ட்ரீஷியன் சொல்லித்தான் இந்த மாடிக்கடை தெரியவந்தது.

கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். இனி ஐயா என்றே சொல்கிறேன். செட்டை வாங்கியதும் அவர் பிளக்கைச் சொருகவில்லை. பின்பக்க அட்டையைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல கரன்ட் குடுத்துப் பாத்தீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப பாதி வேலை மிச்சம்."

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர்கள் இத்தனை வருஷத்தில் கரன்ட்டைக் கசிய விட ஆரம்பித்திருக்கும். ஆர்வக்கோளாறில் நேரே கரன்ட் கொடுத்தால் அவுட்புட் வால்வு சூடேறி, கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். வால்வுகூட எங்காவது கிடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அலைய வேண்டும். அவர் ஒரு 100 வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டு, அதன் வழியாகத்தான் செட்டுக்கு கரன்ட் விடுகிறார். பல்ப் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். எனவே நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் 'சீரிஸ் பல்ப் போட்டுத்தானே பார்ப்பீங்க?' என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் விழித்தால் செட்டோடு திரும்பிவிடுங்கள்.

உள்ளே எலிக்கூடு. கிழிந்த போஸ்ட் கார்டு, பஞ்சு, காய்ந்துபோன ஒரு பல்லி, கொஞ்சம் நெல். ஐயா அந்த நெல்லை மட்டும் பேப்பரில் மடித்து என்னிடம் கொடுத்தார். ரேடியோவுக்குள் நெல்! ரேடியோ நெல் கதை தெரிந்த எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர், ஒரு மணியை நகத்தால் உரித்துப் பார்த்துவிட்டு, "பொன்னி மாதிரி இருக்கு. எலி தூக்கிட்டு வந்திருக்கும்" என்று குப்பைக் கூடையில் போட்டார்.

இனி குறைகள். மூன்று வாரம் என்று சொன்னது பதினொரு வாரம் ஆனது. காலை 11 மணிக்கு முன்னால் போனை எடுக்க மாட்டார், எடுத்தாலும் 'ஆகிட்டிருக்கும்மா' தான் பதில். ரொக்கம் மட்டும், ஜிபே எல்லாம் கிடையாது. கேரண்டி உண்டா என்று கேட்டேன். "செட்டுக்கு வயசு அறுபது. உங்களுக்கு யாரும்மா கேரண்டி குடுத்தா?" என்றார். படியேற முடியாதவர்கள் கூட ஒரு ஆளை அழைத்துப் போக வேண்டும். செட் பத்துக் கிலோவுக்குக் குறையாது.

பெரிய குறை எட்டாவது வாரம் வந்தது. அவரே போன் செய்தார்.

"அம்மா, டயல் கண்ணாடில செவப்பா பொட்டுப் பொட்டா இருக்கே, அது அழுக்கா, இல்ல வச்சதா?"

"வச்சதுங்க. துடைச்சிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஒண்ணு போயிடுச்சும்மா. ஈரத்துணி பட்டதும் கரைஞ்சிடுச்சு. அப்புறம்தான் இது வேற ஏதோன்னு கைய எடுத்தேன்."

போனது எந்தப் பொட்டு என்று கேட்டேன். கொழும்பு.

எனக்குக் கோபம்தான் வந்தது. செட்டைக் கொடுக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவரும் துடைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்று, அவர் போன் செய்யாமலே இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் கூடத்திலும், மிச்சக் காலம் பரணிலும் கிடந்த பெட்டியில் ஒரு சாந்துப் பொட்டு காணோம் என்றால் நான் யார்மேல் பழி போட்டிருப்பேன்? எலிமேல்தான்.

அதே போனில் இன்னொன்றும் கேட்டார். "மிச்சம் ரெண்டுல ஒண்ணு சாந்து. இன்னொண்ணு நெயில் பாலிஷ் மாதிரி இருக்கு. யாரு வச்சது?"

நான்தான். 1983 ஜூலையில் கொழும்புக் கலவரம். தினம் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஊரில் மனுஷர்களைக் கொளுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொழும்பைத் திருப்பினால் அது என்ன சொல்லும்? அப்போது அத்தை மகன்தான் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையைப் பிடித்துக் கொடுத்தார். சாந்துக் குப்பி காய்ந்து கிடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த கியூடெக்ஸைக் கொண்டுவந்து பொட்டு வைத்தேன். நெயில் பாலிஷ் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எங்களுக்கு அது கியூடெக்ஸ்தான். அன்றைக்கு எனக்கு அது இருந்ததற்காகத் திட்டு விழவில்லை. அதிலிருந்து ராத்திரி ஒன்பதேகாலுக்கு ரேடியோவின் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. 1989-இல் கே.எஸ். ராஜா கொல்லப்பட்ட சேதி தெரிந்தபோது அப்பாயி கேட்டது ஒன்றுதான்: "வேகமா பேசுமே, அந்தப் புள்ளையா?"

பொட்டுகளைப் பற்றி இவ்வளவையும் போனில் சொன்னேனா என்று நினைவில்லை. கொஞ்சம் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அடுத்த முறை அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் முழுக் காசையும் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலி டயல் கயிற்றைக் கடித்திருந்ததால் புதுக் கயிறு போட்டிருந்தார். புதுக் கயிறு போட்டால் முள்ளைத் திரும்பச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். தெரிந்த ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, அந்த நம்பருக்கு நேரே முள்ளைக் கவ்வ வைப்பதுதான் வழக்கம். திருச்சி 936.

"நம்பருக்கு வைக்கவா, உங்க அப்பாயி வச்ச பொட்டுக்கு வைக்கவா? ரெண்டுக்கும் ஒரு நெல்லு அகலம் வித்தியாசம் இருக்கு" என்றார்.

பொட்டுக்கு என்றேன்.

மொத்தம் 7,200 ரூபாய். நோட்டில் கிழித்த தாளில் பென்சிலால் கணக்கு: கண்டென்சர் பதினாலு, ரெக்டிஃபையர் வால்வு ஒன்று அவருடைய பழைய கையிருப்பிலிருந்து, டயல் கயிறு, மெயின் வயர், கூலி. ஸ்பீக்கர் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. புதிது போடாமல் மெல்லிய தாளைப் பசையில் ஒட்டிச் சரிசெய்திருக்கிறார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஸ்டேஷன் சரியாக விழுந்தால் குவியுமே, அந்தப் பச்சைக் கண், அது மங்கிவிட்டது. வேலை செய்கிறவரை மாற்ற வேண்டாம் என்றார். மேலே பாலிஷ் போடட்டுமா என்று கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். பெட்டியின் மேல், வலதுபக்கம், வார்னிஷ் வெளுத்துச் செவ்வகமாக ஒரு தடம் இருக்கிறது. வால்வு சூட்டில் அந்த இடம் கதகதவென்று இருக்கும் என்பதால் மழைக்காலத்தில் அப்பாயி தீப்பெட்டியை அங்கேதான் வைக்கும், நமுத்துப் போகாது.

வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், உங்களுக்குப் பொறுமை வேண்டும். சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷத்துக்கு மேல் ஒன்றுமே நடக்காது. என் மகன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி எழுந்தே போய்விட்டான். அப்புறம் ஒரு சின்ன உறுமல், அது கடைசிவரை லேசாக இருந்துகொண்டே இருக்கிறது. ஷார்ட் வேவில் எங்கள் வீட்டில் இரைச்சல்தான். தமிழோசை 2017-இலேயே வானொலியில் நின்றுவிட்டது, அந்த நெயில் பாலிஷ் பொட்டில் முள்ளை வைத்தால் கடல் மாதிரி ஒரு சத்தம். திருச்சி வருகிறது. ஆனால் எல்இடி பல்ப், இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எது ஓடினாலும் மீடியம் வேவில் கரகரவென்று குறுக்கே வரும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தால்தான் குரல் சுத்தமாகக் கேட்கும். இதை ஐயா முன்கூட்டியே சொல்லவில்லை என்பதையும் குறைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் செட்டில்தான் கோளாறு என்று அவரைப் போனில் படுத்திவிட்டேன்.

வாங்கப் போன அன்று, கொழும்பு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தருகிறேன், நீங்களே ஒரு பொட்டு வையுங்கள் என்று ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை மேசையில் எடுத்துவைத்தார். அவர் மனைவியுடையதாக இருக்கும். வேண்டாம் என்றேன். முகம் வாடியது தெரிந்தது. ஐந்துக்கு நாலு என்று போடுகிறேன். குறைந்த அந்த ஒன்று தாமதத்துக்கு அல்ல.

செட் வந்த மூன்றாம் நாள் மழை. சாயங்காலம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அப்பாவும் நானும் திருச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தோம், வேளாண் செய்தி ஏதோ. அம்மா அடுப்படியிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். விளக்கு போடச் சொல்லித் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ரேடியோவின் மேல், அந்த வெளுத்த தடத்தில், தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.